ஒரு வாளி நீரும் ஆயிரம் டன் நீரும்: சரக்கறைக் கசிவைக் கண்டறிய எந்த வழி?

கப்பலின் சரக்கறைக்குள் தண்ணீர் புகுவதைக் கண்டறிய எந்தச் சோதனை நல்லது என்று யாராவது கேட்டால், எவ்வளவு தண்ணீரைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். ஓர் அடுக்கு அரிசி மூட்டை பூஞ்சை பிடித்துப் பாழாக ஒரு வாளி கடல்நீர் போதும். அந்த ஒரு வாளியால் கப்பலுக்கு ஒன்றும் ஆகாது. கப்பலுக்கே ஆபத்து என்றால் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் டன் நீர் உள்ளே வந்திருக்க வேண்டும். சரக்கைக் காக்கும் சோதனை வேறு, கப்பலையும் அதிலுள்ள உயிர்களையும் காக்கும் கருவி வேறு. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு விலையை ஒப்பிடுகிறவர்கள், ஒன்றை வாங்கிவிட்டு மற்றதும் கைக்கு வந்துவிட்டதாக நம்பிவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த நம்பிக்கைதான்.

ஒரு வழித்தடத்தை வைத்துப் பேசுவோம். ஆந்திரத்தின் காக்கிநாடாவிலிருந்து பெனின் நாட்டின் கொட்டோனு போன்ற மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்கு மூட்டை அரிசி போகிறது. நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குப் பார்ஜு எனும் தட்டைப் படகுகளில் மூட்டைகள் வந்து ஏறுவது அங்கே வழக்கம். ஐந்து சரக்கறைகள் கொண்ட, சற்று வயதான, முப்பதாயிரம் டன் கப்பல் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இந்தியப் பெருங்கடலைத் தாண்டி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, அட்லாண்டிக்கில் வடக்கே ஏற வேண்டும். வழியில் அலை பல நாள் தளத்தின் மேல் புரளும். அரிசி ஏறுவதற்கு முன் இந்தக் கப்பலின் உரிமையாளர் எந்தச் சோதனைக்குப் பணம் ஒதுக்க வேண்டும்?

முதலில் சரக்கறையின் வாயை மூடும் இரும்பு மூடியான ஹட்ச் கவர் எப்படி நீரைத் தடுக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். சரக்கறையின் வாயைச் சுற்றித் தளத்திலிருந்து எழும் இரும்புச் சுவருக்குக் கோமிங் என்று பெயர். கவரின் எடை ரப்பரின் மேல் உட்காருவதில்லை. இரும்பின் மேல் இரும்பாக, அதற்கென்று உள்ள தாங்கிகளில் உட்காருகிறது. அப்படி உட்காரும்போது கவரின் அடியில் உள்ள ரப்பர், கோமிங்கின் மேல் உள்ள அழுத்துப் பட்டையில் பட்டுச் சில மில்லிமீட்டர் அமுங்குகிறது. அந்தச் சில மில்லிமீட்டர் அமுக்கம்தான் கடலுக்கும் அரிசிக்கும் இடையே உள்ள முதல் தடுப்பு. அதைத் தாண்டி வரும் சிறிதளவு நீரை உள்பக்கச் சால் ஒன்று பிடித்து, ஒருவழி வால்வு கொண்ட வடிகுழாய் மூலம் தளத்துக்கே திருப்பி அனுப்புகிறது. அது இரண்டாவது தடுப்பு. எந்தக் கடல்நிலையிலும் நீர் உள்ளே ஊடுருவக் கூடாது என்பது 1966ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சுமைக்கோடு உடன்படிக்கை ஹட்ச் கவருக்கு விதித்த அளவுகோல்.

சாக்பீஸ் சோதனையையும் வெளிச்சச் சோதனையையும் விரைவாகப் பார்த்துவிடலாம். அழுத்துப் பட்டையின் மேல் சாக்பீஸ் தேய்த்து, கவரை மூடித் திறந்தால், ரப்பரில் வெள்ளைக் கோடு பதியும். கோடு விட்டுப்போன இடத்தில் ரப்பர் படவில்லை. செலவே இல்லாத சோதனைதான். ஆனால் ரப்பர் பட்டதா என்று மட்டுமே அது சொல்லும், எவ்வளவு அமுங்கியது என்று சொல்லாது. லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும் ரப்பரிலும் அழகான முழுக் கோடு விழும். துறைமுகத்தில் அசையாமல் நிற்கும்போது தொட்டுக்கொண்டிருப்பது, கடலில் கப்பலின் உடல் முறுகும்போது விலகிவிடும். உள்ளே நின்று மேலே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பதும் இப்படித்தான், பெரிய ஓட்டைகளை மட்டுமே காட்டிக்கொடுக்கும். பழுதுபார்த்த பிறகு, புது ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சாக்பீஸ் மிகவும் பயன்படும். அதை வைத்து அரிசி ஏற்றச் சம்மதிப்பதை நான் ஏற்க மாட்டேன்.

உண்மையான போட்டி தண்ணீர்க் குழாய்ச் சோதனைக்கும் அல்ட்ராசோனிக் சோதனைக்கும் இடையேதான்.

குழாய்ச் சோதனை எல்லாக் கப்பலிலும் செய்யக்கூடியது. தீயணைப்புக் குழாயை எடுத்து, மூடிய கவரின் இணைப்புகளின் மேல் நீரைப் பீய்ச்ச வேண்டும். உள்ளே ஒருவர் நின்று எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பார். கப்பல்களின் தரத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் வகைப்பாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு இதற்கு அளவுகள் வகுத்திருக்கிறது: குழாய் முனையில் குறைந்தது 2 பார் அழுத்தம், முனையின் உள்விட்டம் குறைந்தது 12 மில்லிமீட்டர், இணைப்பிலிருந்து அதிகபட்சம் 1.5 மீட்டர் தூரம். நடைமுறையில் நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று தளத்தைக் கழுவுவது போல நீரை வீசிவிட்டுச் ‘சோதனை முடிந்தது’ என்று எழுதிவிடுவதும் நடக்கிறது. அது சோதனையே ஆகாது.

ஒழுங்காகச் செய்தாலும் இதில் ஒரு பெரிய குறை உண்டு. ரப்பரைத் தாண்டிய நீரைச் சால் பிடித்து வடிகுழாய் வழியே வெளியேற்றிவிடும். உள்ளே நிற்பவருக்கு ஒரு சொட்டும் தெரியாது. சோதனை வெற்றி என்று எழுதப்படும். முதல் தடுப்பு உடைந்திருப்பதை இரண்டாவது தடுப்பு மறைத்துவிட்டது. கடலில் கப்பல் உருளும்போது சால் நிரம்பி வழியும், அல்லது அரிசித் தூசியும் துருவும் வடிகுழாயை அடைத்துவிடும். அப்போது அந்த நீர் மூட்டையின் மேல்தான் விழும். குழாய்ச் சோதனை செய்யும்போது வடிகுழாயின் வெளிவாயையும் ஒருவர் கவனிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அங்கே நீர் வந்தால் உள்ளே உலர்ந்திருந்தாலும் ரப்பர் தோற்றுவிட்டது என்று பொருள்.

சரக்கு ஏறிய பிறகு இந்தச் சோதனை செய்ய முடியாது. எஃகுச் சுருளின் மேலோ அரிசியின் மேலோ யாரும் நீரைச் சொட்டவிட மாட்டார்கள். உறைபனிக் காலத்தில் செய்ய முடியாது. முந்தைய சரக்கின் தூசி கலந்த நீர் கடலில் ஓடுவதைப் பல துறைமுகங்கள் அனுமதிப்பதில்லை. கசிவு எந்த அங்குலத்தில் இருக்கிறது என்று துல்லியமாகச் சொல்வதும் கடினம். ஓரிடத்தில் நுழைந்த நீர் கவரின் அடிப்பக்கமாக ஓடி வேறோரிடத்தில் சொட்டும்.

அல்ட்ராசோனிக் சோதனையில் நீருக்கு வேலை இல்லை. சரக்கறைக்குள் ஒலிபரப்பி ஒன்றை வைக்கிறார்கள். மனிதக் காதுக்கு எட்டாத, சுமார் 40 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை ஒலியை அது எழுப்புகிறது. கவரைத் திறந்து வைத்து, வெளியே எவ்வளவு ஒலி கேட்கிறது என்று டெசிபெலில் முதலில் அளக்க வேண்டும். இதைத் திறந்த நிலை அளவு என்பார்கள். பிறகு கவரை மூடி, அதை இறுக்கிப் பிடிக்கும் கிளீட்டுகளைப் போட்டு, வாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லா இணைப்புகளின் மேலும் மெதுவாக நடக்க வேண்டும். ரப்பர் போதிய அளவு அமுங்காத இடத்தில் ஒலி வெளியே வரும். திறந்த நிலை அளவில் பத்து சதவீதத்துக்கு மேல் போனால் அந்த இடம் தோல்வி என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. திறந்த நிலையில் 60 டெசிபெல் என்றால், மூடிய நிலையில் 6 வரை பொறுக்கலாம்.

சரக்கு ஏறிய பிறகும் இதைச் செய்யலாம் என்பது காக்கிநாடா கப்பலுக்குப் பெரிய வசதி. ஐந்து சரக்கறைகளையும் ஒரே நாளில் முடிக்கலாம். குறை எங்கே என்று சாக்பீஸால் இரும்பின் மேலேயே வட்டம் போட்டுக் காட்டிவிடலாம். கையில் கிடைப்பது வெறும் ‘கசிந்தது’, ‘கசியவில்லை’ என்ற சொல்லாக இல்லாமல் எண்ணாக இருப்பதால், ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் மீண்டும் அளந்து, ரப்பர் தளர்கிறதா என்று கண்காணிக்கலாம்.

ஆனால் கருவியை இயக்குபவருக்குப் பயிற்சி இல்லையென்றால் அந்த எண்களுக்கு மதிப்பில்லை. திறந்த நிலை அளவைச் சரியாக எடுக்காமல் தொடங்கினால் பிறகு எழுதும் ஒவ்வோர் எண்ணும் பிழை. திறந்து கிடக்கும் ஒரு காற்றுக்குழாய் வழியே வரும் ஒலியை ரப்பர்க் கசிவு என்று நினைத்துவிடலாம். கருவியும் வகைப்பாட்டுச் சங்கம் ஏற்ற வகையாக, உரிய காலத்தில் அளவுத்திருத்தம் செய்த சான்றிதழோடு இருக்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் என் தேர்வு தயக்கமின்றி அல்ட்ராசோனிக்தான். அரிசி, எஃகு, சிமெண்ட், காகிதம் என்று நனையக் கூடாத எந்தச் சரக்குக்கும் இதையே சொல்வேன். பயிற்சி பெற்றவர் கிடைக்காத துறைமுகத்தில், அளவுகளை மதித்து, வடிகுழாய்களையும் பார்த்துச் செய்யும் குழாய்ச் சோதனை, பயிற்சியில்லாத கையில் உள்ள விலை உயர்ந்த கருவியைவிட மேலானது.

சோதனையில் தோல்வி என்று வந்ததும் நடப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ரப்பருக்குப் பின்னால் இன்னொரு பட்டையைச் செருகி அதை முன்னே தள்ளுவதும், இணைப்பின் மேல் ஒட்டு டேப் போடுவதும் வழக்கமாக இருக்கின்றன. தாங்கிகள் தேய்ந்து கவர் கீழே இறங்கிவிட்டதால்தான் பல நேரம் ரப்பர் அளவுக்கு மீறி நசுங்கி உயிர் போகிறது. தாங்கியைச் சரிசெய்யாமல் ரப்பரை மட்டும் மாற்றினால் புது ரப்பரும் சீக்கிரமே பழைய கதியை அடையும். டேப் அவசரத்துக்கு உதவும் கூடுதல் காப்பு. குறையை டேப்பால் மூடிவிட்டுச் சரிசெய்ததாக எழுதுவது சரக்கு உரிமையாளருக்குச் செய்யும் துரோகம்.

இதுவரை பேசிய எல்லாச் சோதனைகளும் மேலிருந்து வரும் நீரைத்தான் பார்க்கின்றன. கீழிருந்து வரும் நீரை இவற்றில் எதுவும் பார்ப்பதில்லை. சரக்கறையின் அடிமூலையில் கசிவு நீர் சேரும் குழியான பில்ஜ் கிணற்றிலிருந்து நீரை உறிஞ்சும் குழாய், எஞ்சின் அறைக்குப் போகிறது. அந்தக் குழாயின் ஒருவழி வால்வில் ஒரு துண்டு மரச்சீவலோ கயிற்று நாரோ சிக்கினால், பம்ப் ஓடும்போது நீர் திரும்பி அரிசிக்குள் வந்துவிடும். அடித்தட்டில், கப்பலின் சமநிலைக்காகக் கடல்நீர் நிரப்பும் பாலஸ்ட் தொட்டியின் ஆள்நுழைவு மூடியில் கேஸ்கெட் கிழிந்திருந்தால், தொட்டியை நிரப்பும்போது சரக்கறை நனையும். ஹட்ச் கவருக்கு அருமையான அறிக்கை வாங்கிய கப்பலில் அடிவரிசை மூட்டைகள் அழுகி வருவது இதனால்தான். பில்ஜ் குழாயின் ஒருவழி வால்வைச் சோதிக்கவும், சரக்கறை காலியாக இருக்கும்போதே தொட்டியை நிரப்பி மூடிகளைப் பார்க்கவும் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. வேண்டியது சீஃப் ஆபீசரின் அரை நாள். அந்த அரை நாளை விட்டுவிட்டு அல்ட்ராசோனிக்குக்கு மட்டும் பணம் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

கப்பல் புறப்பட்ட பிறகு கேள்வி மாறுகிறது. இனி ஓட்டையைத் தேட முடியாது. நீர் சேர்கிறதா என்று மட்டுமே பார்க்கலாம். பழைய வழி, சவுண்டிங் குழாயில் கம்பியை இறக்கிப் பில்ஜ் கிணற்றின் நீர்மட்டத்தை அளப்பது. புதிய வழி, சரக்கறையிலேயே பொருத்திய நீர்மட்ட உணரி.

உணரி வந்த கதை துயரமானது. 1980 செப்டம்பரில் டெர்பிஷர் என்ற பிரிட்டிஷ் கப்பல், கனடாவிலிருந்து ஜப்பானுக்கு இரும்புத் தாது ஏற்றிச் சென்றபோது ஆர்க்கிட் சூறாவளியில் மூழ்கியது. கப்பலில் இருந்த 44 பேரும் இறந்தார்கள். குடும்பத்தினர் விடாமல் போராடினார்கள். 1994இல்தான் ஆழ்கடலில் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டில் வந்த மறுவிசாரணை முடிவு இது: முன்தளத்தில் சேதமடைந்த காற்றுக்குழாய்கள் வழியே முன்பக்க அறைகளில் நீர் நிறைந்தது, கப்பலின் முகம் தாழ்ந்தது, தாழ்ந்த தளத்தின் மேல் ஏறிய அலைகள் முதல் ஹட்ச் கவரை உடைத்தன. முகம் தாழ்வதை இருட்டிலும் சூறாவளியிலும் பின்னால் உள்ள பிரிட்ஜிலிருந்து, அதாவது கப்பலை இயக்கும் அறையிலிருந்து, எப்படிப் பார்ப்பது?

கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு உடன்படிக்கையான சோலாஸின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் சேர்ந்து, 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதியில் அந்தக் கேள்விக்கான விடை இருக்கிறது. தானியம், தாது, நிலக்கரி போன்றவற்றைக் குவியலாக ஏற்றும் பல்க் கேரியர் கப்பல்களின் ஒவ்வொரு சரக்கறையிலும் பின்பக்க முனையில் உணரி வேண்டும். நீர் 0.5 மீட்டர் ஏறினால் முதல் எச்சரிக்கை. சரக்கறை ஆழத்தில் 15 சதவீதத்துக்குக் குறையாத, ஆனால் 2 மீட்டரைத் தாண்டாத உயரத்தில் இரண்டாவது எச்சரிக்கை. முதல் சரக்கறைக்கு முன்னால் உள்ள உலர் அறைகளில் 0.1 மீட்டரிலேயே ஒலிக்க வேண்டும். டெர்பிஷரில் முதலில் நீர் நுழைந்தது அந்த இடங்களில்தான் என்பதை நினைத்தால் இந்த எண்ணின் கண்டிப்பு புரியும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 25 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட காலிச் சரக்கறையில் அரை மீட்டர் நீர் என்றால் 250 டன். முதல் மணி ஒலிக்கும்போது அவ்வளவு நீர் ஏற்கெனவே உள்ளே. மூட்டைகள் நிறைந்திருந்தால் இடைவெளிகளில் மட்டும்தான் நீர் நிற்கும், அளவு குறையும். ஆனால் அடிவரிசைகள் முழுவதும் ஊறிப்போயிருக்கும். மேலிருந்து சொட்டி நடுவரிசை மூட்டைகளே உறிஞ்சிவிடும் நீரை இந்த உணரி என்றைக்குமே காணாது. கப்பலைக் காப்பாற்ற அவகாசம் தருவதுதான் அதன் வேலை. அரிசியைக் காக்க அதை நம்புவது தவறு. தாது தன் ஈரத்தாலேயே குழம்பாகிக் கப்பலைக் கவிழ்ப்பதையும் அது முன்கூட்டிச் சொல்லாது. ஏனென்றால் அங்கே வெளியிலிருந்து நீர் வரவே இல்லை.

உணரிகளில் மிதவையால் இயங்குபவை, மின்தேக்க அளவால் இயங்குபவை, அழுத்தத்தை அளப்பவை எனப் பல வகை உண்டு. அசையும் பாகம் உள்ள மிதவை எளிமையானது. ஆனால் நிலக்கரித் தூளும் தாதுச் சேறும் அதைச் சிக்கவைக்கும். அசையும் பாகமில்லாத வகைகள் இதில் மேல், விலை கூடுதல். அரிசியும் எஃகும் மட்டுமே ஏற்றும் கப்பலுக்கு மிதவை போதும். நிலக்கரியும் ஏற்றுவதாக இருந்தால் கூடுதல் பணம் வீண் போகாது. எந்த வகையானாலும் சரக்கை அள்ளும் கிராப் அடித்து உடையாத இரும்புக் கூட்டுக்குள் இருக்க வேண்டும். சரக்கறையைக் கழுவும்போதெல்லாம் உணரியில் நீர் ஊற்றி, பிரிட்ஜில் மணி அடிக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும்.

சவுண்டிங் கம்பி இதைவிட நுட்பமானது என்பது வியப்பாக இருக்கலாம். பில்ஜ் கிணறு சரக்கறையின் தளத்துக்கும் கீழே இருக்கிறது. அதில் சில சென்டிமீட்டர் ஏறினாலே கம்பி காட்டிவிடும். உணரி இருக்கிறது என்று தினசரி சவுண்டிங்கை நிறுத்துவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அரிசிக் கப்பலில் காலை மாலை இரண்டு வேளையும் எடுத்து எழுதியே ஆக வேண்டும். கொந்தளிப்பான கடலில் ஆட்களைத் தளத்துக்கு அனுப்ப முடியாது என்பதுதான் கம்பியின் உண்மையான குறை. அந்த நாட்களுக்காகத்தான் உணரி.

பல்க் கேரியர் அல்லாத, பல சரக்கறைகள் கொண்ட மற்றச் சரக்குக் கப்பல்களுக்கும் 2024 ஜனவரி 1 முதல் கட்டப்படுபவையானால் இத்தகைய உணரி கட்டாயம். அங்கே முதல் எச்சரிக்கை 0.3 மீட்டர் உயரத்திலேயே. பழைய கப்பல்களுக்கு இந்த விதி பொருந்தாது. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கண்டெய்னர் கப்பல் 1997இல் கட்டப்பட்டது. சரக்கறைகளுள் ஒன்றில் நீர் புகுந்ததால் மூழ்கியதாக அப்போது அதிகாரப்பூர்வமாக அறிவித்தார்கள். மாலுமிகள் 24 பேரும் மீட்கப்பட்டார்கள். அதன் பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரிக் கரை வரை வந்து ஒதுங்கின. விதி கட்டாயப்படுத்தாவிட்டாலும் பழைய கப்பல்களின் உரிமையாளர்கள் தாங்களே முன்வந்து உணரி பொருத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கொட்டோனுவில் கவர் திறக்கும்போது நனைந்த மூட்டைகள் தெரிந்தால், கடைசியாக ஒரு சோதனை இருக்கிறது. கறைபட்ட இடத்தில் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுகளாக விடுவார்கள். பால் போல வெண்மையாகத் திரிந்தால் குளோரைடு இருக்கிறது, கடல்நீராக இருக்க வாய்ப்பு அதிகம். திரியவில்லையென்றால் மழைநீரோ, சரக்கறையின் இரும்பில் வியர்த்துச் சொட்டிய ஈரமோ. வெப்பமான காக்கிநாடாவில் ஏறிய அரிசி, நன்னம்பிக்கை முனைக்கருகே குளிர்ந்த கடலைக் கடக்கும்போது கவரின் அடிப்பக்கம் வியர்ப்பது இயல்பு. அந்த ஈரத்துக்கு மருந்து காற்றோட்டமும் அதைப் பற்றிய குறிப்பேடும். அங்கே ரப்பரைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தச் சோதனையை ஒரு மூட்டையில் மட்டும் செய்யக் கூடாது. நனையாத மூட்டையிலும் ஒப்பீட்டுக்காகச் செய்து பார்க்க வேண்டும், ஏனென்றால் கையாளும் இடங்களில் ஒட்டிய உப்பும் குளோரைடு காட்டும். சரக்கு உரிமையாளரின் சர்வேயரும் கப்பல் தரப்பின் சர்வேயரும் சேர்ந்து நின்று, எந்தச் சரக்கறை, எந்த வரிசை, கவரின் எந்த இணைப்புக்கு நேர் கீழே என்று குறித்துக்கொள்ள வேண்டும். புறப்படும் முன் எடுத்த அல்ட்ராசோனிக் அறிக்கையில் அதே இணைப்புக்கு நேரே என்ன எண் எழுதியிருக்கிறது என்று அப்போதுதான் இரு தரப்பும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.